ஒரே செம்பு, ஒரே கிரெயின்கள், நாலு முறை: பாலிகிரிஸ்டல் சிமுலேஷன் ஒப்பிட்டுப் பார்த்த கதை

பாலிகிரிஸ்டல் மெக்கானிக்ஸ்ல, அதாவது கிரெயின்ங்கற குட்டி கிரிஸ்டல் பலது ஒட்டின உலோகம் இழுத்தா எப்படி நடந்துக்கும்னு கணக்கு போடறதுல, எந்த முறை நல்லதுன்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும். எஃப்எஃப்டி (ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் வெச்சு தீர்க்கறது) பண்றவங்க எஃப்எஃப்டி தான் வேகம்னு சொல்வாங்க, எஃப்ஈஎம் (ஃபைனைட் எலிமென்ட்) பண்றவங்க கிரெயின் பவுண்டரி எங்ககிட்ட தான் ஒழுங்கா இருக்கும்பாங்க, செல்ஃப்-கன்சிஸ்டன்ட் (ஒவ்வொரு கிரெயினையும் சராசரி மீடியத்துல புதைச்சு பார்க்கறது) ஆளுங்க இவ்ளோ செலவு எதுக்கு, ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் கர்வ் தானே வேணும்னு முடிச்சுடுவாங்க. ஆனா பெரும்பாலான ஒப்பீட்டுல ஒருத்தர் பீரியாடிக் பவுண்டரி (ஒரு பக்கம் முடியற இடத்துல எதிர்ப்பக்கம் தொடர்ற மாதிரி) வெச்சிருப்பார், இன்னொருத்தர் பக்கமெல்லாம் நேரா நிக்கற மாதிரி டிஸ்ப்ளேஸ்மென்ட் கட்டியிருப்பார், ஒருத்தர் வாக்ஸல் (சின்ன சின்ன க்யூப்), இன்னொருத்தர் டெட் மெஷ் (நாலு முக எலிமென்ட்), கடைசில வர்ற வித்தியாசத்துல முறையோட பங்கு எவ்ளோன்னு பிரிக்கவே முடியாது. அதான் நானே உட்கார்ந்து மெட்டீரியல், ஓரியன்டேஷன், ஹார்டனிங், லோடிங் எல்லாத்தையும் ஒண்ணா பூட்டி வெச்சுட்டு முறையை மட்டும் (மேல சொன்ன மூணு, கூடவே எல்லா கிரெயினும் ஒரே மாதிரி நீளும்னு வெக்கற டெய்லர் மாடல்) மாத்தி ஓட்டிப் பார்த்தேன்.

மெட்டீரியல் செம்பு. காரணம் இருக்கு. டங்ஸ்டன் கிட்டத்தட்ட ஐசோட்ராபிக் (எல்லா திசைலயும் ஒரே விறைப்பு), அலுமினியத்தோட சீனர் ரேஷியோ (திசைக்கு திசை விறைப்பு எவ்ளோ மாறுதுன்னு சொல்ற எண், 1னா மாறவே மாறாது) 1.2 பக்கம், அந்த ரெண்டுலயும் எலாஸ்டிக் பகுதில எந்த முறை போட்டாலும் விடை ஒண்ணா தான் வரும், ஒப்பிட ஒண்ணும் இருக்காது. செம்போட எலாஸ்டிக் மாறிலிகள் சி11 168.4, சி12 121.4, சி44 75.4 கிகாபாஸ்கல், சீனர் ரேஷியோ 3.2. ஒரே செம்பு சிங்கிள் கிரிஸ்டலை 100 திசைல இழுத்தா யங்ஸ் மாடுலஸ் 67 கிகாபாஸ்கல், 111 திசைல இழுத்தா 191. பக்கத்து பக்கத்து கிரெயின் நடுவுல கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம் இருக்கறப்ப தான் முறைகளோட குணம் வெளிய வரும்.

மைக்ரோஸ்ட்ரக்சர் நெப்பர்ங்கற சாஃப்ட்வேர்ல எடுத்தது, 200 கிரெயின், பீரியாடிக். அதே டெஸலேஷனையே (இடத்தை கிரெயினா பிரிச்ச அமைப்பையே) டெட் மெஷ்ஷாவும் எடுக்கலாம், வாக்ஸலாவும் எடுக்கலாம், அது தான் இங்க பெரிய வசதி. மெஷ் போடறப்ப ரெகுலரைசேஷனை (குட்டி விளிம்பை நீக்கற ஆப்ஷனை) மட்டும் ஆன் பண்ணிடணும், இல்லன்னா ரெண்டு வெர்டெக்ஸ் நடுவுல கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டி விளிம்பு வரும், அதைச் சுத்தி எலிமென்ட் எல்லாம் ஊசி மாதிரி போயிடும்.

ஓரியன்டேஷன் (கிரெயினோட கிரிஸ்டல் எந்த பக்கம் திரும்பியிருக்குங்கறது) ரேண்டமா குடுக்கறதுல ஒரு குழி இருக்கு, நிறைய பேர் விழற இடம். மூணு ஆய்லர் ஆங்கிளையும் சும்மா சமமா ரேண்டம் நம்பர் போட்டு எடுத்தா அது ரேண்டம் டெக்ஸ்சர் (ஓரியன்டேஷன்களோட பரவல்) கிடையாது. நடு ஆங்கிளோட கொசைன் தான் சமமா பரவணும், ஆங்கிளே சமமா பரவக் கூடாது. நாலு நார்மல் ரேண்டம் நம்பர் எடுத்து நீளத்தால வகுத்து குவாட்டர்னியனா வெச்சுக்கறது தான் எனக்கு பிடிச்ச வழி, யோசிக்கவே வேண்டாம். செக் பண்றதுக்கும் ஒரு சின்ன வழி இருக்கு: ஒவ்வொரு கிரெயின்லயும் இழுக்கற திசையோட கிரிஸ்டல் கொசைன்கள் எல், எம், என் எடுத்துக்கிட்டு, ரெண்டு ரெண்டா ஸ்கொயரைப் பெருக்கி மூணு பெருக்கலையும் கூட்டுங்க. நிஜமான ரேண்டம்னா அதோட சராசரி 0.2 பக்கத்துல வரணும். 100 திசைக்கு அது 0, 111க்கு 0.333. இந்த நம்பர் தான் ஒரு க்யூபிக் கிரிஸ்டல் அந்த திசைல எவ்ளோ விறைப்புன்னு முடிவு பண்ணுது, அதனால இது 0.2ல இருந்து நல்லா விலகியிருந்தா பின்னாடி வர்ற எந்த ஒப்பீட்டுக்கும் அர்த்தம் இல்ல. 200 கிரெயினுக்கு கொஞ்சம் ஆடும், கிட்ட வர்ற செட்டை எடுத்து வெச்சுக்கிட்டேன்.

எந்த கோடையும் ஓட்டறதுக்கு முன்னாடி பேப்பர்ல போட வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. எல்லா கிரெயினுக்கும் ஒரே ஸ்ட்ரெய்ன்னு வெச்சா வாய்க்ட், ஒரே ஸ்ட்ரெஸ்னு வெச்சா ராய்ஸ். இந்த ரெண்டும் மேல் வரம்பு, கீழ் வரம்புன்னு 1952ல ஹில் நிரூபிச்சார். செம்புக்கு ஷியர் மாடுலஸ் வாய்க்ட் 54.6, ராய்ஸ் 40.0, நடுவுல ஹில் சராசரி 47.3 கிகாபாஸ்கல். யங்ஸ் மாடுலஸா மாத்தினா 145, 109, 127. செல்ஃப்-கன்சிஸ்டன்ட்டுக்கு க்ரோனரோட மூணாம் படி ஈக்வேஷன் ஒண்ணு போதும், அதைத் தீர்த்தா ஷியர் 48.2, யங்ஸ் 129 பக்கம் வருது. ஆக, ஃபுல்-ஃபீல்டு கோடு (கிரெயின் உள்ள பாயின்ட் பாயின்ட்டா தீர்க்கற எஃப்எஃப்டி, எஃப்ஈஎம்) ஏதாவது 145க்கு மேல காட்டினாலோ 109க்கு கீழ காட்டினாலோ கோடுல பக் இருக்குன்னு அர்த்தம், கன்வர்ஜென்ஸ் பத்தி பேசவே வேண்டாம். ரேண்டம் டெக்ஸ்சரோட 125ல இருந்து 132க்குள்ள எங்கயாவது வந்தா நிம்மதியா அடுத்த வேலைக்குப் போகலாம்.

எஃப்எஃப்டி எலாஸ்டிக் கோடை நானே பைத்தான்ல எழுதினேன், மூலினெக்கும் சுக்கேயும் 1994ல போட்ட பேசிக் ஸ்கீம் தான். நம்பைங்கற (NumPy) பைத்தான் லைப்ரரி வெச்சு நூறு வரிக்குள்ள முடிஞ்சுடும், இவ்ளோ சின்ன கோடு இவ்ளோ வேலை செய்யுதான்னு இன்னும் ஆச்சரியம் தான். ஸ்ட்ரெய்ன் ஃபீல்டு ஒண்ணு வெச்சுக்கணும், ஒவ்வொரு வாக்ஸல்லயும் அந்த கிரெயினோட ஸ்டிஃப்னஸ் போட்டு ஸ்ட்ரெஸ் எடுக்கணும், ஃபூரியேக்கு போகணும், கிரீன் ஆபரேட்டரால (ஒரே சீரான ஒரு ரெஃபரன்ஸ் மீடியத்தை வெச்சு, ஸ்ட்ரெஸ் பேலன்ஸ் ஆக ஸ்ட்ரெய்னை எவ்ளோ திருத்தணும்னு சொல்றது) பெருக்கி திருத்தத்தை எடுத்துக்கிட்டு திரும்பி வரணும், ஸ்ட்ரெய்ன்ல இருந்து கழிக்கணும், பேலன்ஸ் ஆகற வரைக்கும் இதே சுத்து. பூஜ்ஜிய ஃப்ரீக்வென்சில நாம குடுக்கற சராசரி ஸ்ட்ரெய்ன் உட்காரும். மெஷ் கிடையாது, ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ் அசெம்பிளி கிடையாது, பீரியாடிக் பவுண்டரி தானா வந்துடுது.

இதுல மெமரி மட்டும் கவனம் வேணும். கிரீன் ஆபரேட்டரை முன்னாடியே கணக்கு போட்டு 81 காம்பொனென்ட்டோட சேமிச்சு வெச்சா 64×64×64 கிரிட்ல 170 மெகாபைட், பரவால்ல. 128க்கு போனா 1.36 ஜிபி, ஒரு ஆபரேட்டருக்கு மட்டும். அதனால ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிலயும் அப்பப்ப கணக்கு போட்டு தூக்கிப் போடறது தான் சரி, சிபியூ கொஞ்சம் கூட வேலை செய்யும், செய்யட்டும். ரெஃபரன்ஸ் மீடியத்துக்கு ரொம்ப மிருதுவான கிரெயினுக்கும் ரொம்ப விறைப்பான கிரெயினுக்கும் நடுவுல எடுத்தா செம்புக்கு சட்டுனு கன்வர்ஜ் ஆகுது, கான்ட்ராஸ்ட் (அந்த ரெண்டோட விறைப்பு விகிதம்) மூணு தானே. பேசிக் ஸ்கீமோட இட்டரேஷன் எண்ணிக்கை கான்ட்ராஸ்ட்டோட கூடவே ஏறும், கான்ஜுகேட் கிரேடியன்ட் போட்டா கான்ட்ராஸ்ட்டோட ஸ்கொயர் ரூட் அளவுக்கு தான் ஏறும். உள்ள ஒரு ஓட்டை இருந்தா, அதாவது ஸ்டிஃப்னஸ் பூஜ்ஜியம்னா, பேசிக் ஸ்கீம் அம்பேல்.

எஃப்ஈஎம் பக்கம் முதல் தலைவலி எலிமென்ட். நாலு நோட் டெட் எலிமென்ட்டை இந்த வேலைக்குத் தொடாதீங்க. பிளாஸ்டிக் ஃப்ளோல வால்யூம் மாறாது, அந்த கட்டுப்பாட்டை அந்த எலிமென்ட்டால தாங்க முடியாம லாக் ஆகி, ஸ்ட்ரெஸ் கர்வ் மேல போய் நிக்கும், டெய்லர் மாடலுக்கே போட்டியா வரும். பத்து நோட் டெட், இல்லன்னா வால்யூமெட்ரிக் பகுதியை தனியா சராசரி எடுக்கற ஹெக்ஸ் (ஆறு முக எலிமென்ட்) தான் சரி. ரெண்டாவது தலைவலி சால்வர். 64 க்யூப் ஹெக்ஸ் மெஷ்னா நோட் 2,74,625, அன்னோன் 8 லட்சத்துக்கு மேல. டைரக்ட் சால்வர்ல போட்டா 32 ஜிபி ரேமை முழுங்கிட்டு ஸ்வாப்புக்கு போயிடுச்சு, மல்ட்டிகிரிட் ப்ரீகண்டிஷனரோட இட்டரேட்டிவ் சால்வருக்கு மாத்தினதும் தான் மெஷின் மூச்சு விட்டது.

நியாயமான ஒப்பீடுன்னா எதை எதோட வெக்கணும்? ஃபுல் இன்டக்ரேஷன் ஹெக்ஸ்ல ஒரு எலிமென்ட்டுக்கு 8 காஸ் பாயின்ட் (ஸ்ட்ரெஸ் கணக்கு போடற இடம்). 64 க்யூப் எஃப்ஈஎம்ல 20,97,152 பாயின்ட்ல கிரிஸ்டல் பிளாஸ்டிசிட்டி கணக்கு நடக்குது. எஃப்எஃப்டில வாக்ஸலுக்கு ஒரே பாயின்ட், 128 க்யூப்ல வாக்ஸல் எண்ணிக்கை அதே 20,97,152. அப்ப 64க்கு 64னு வெச்சு எஃப்எஃப்டி பல மடங்கு வேகம்னு சொல்றது அரைக் கணக்கு, அதுல எட்டு மடங்கு மெட்டீரியல் லா கம்மியா ஓடினதால வந்தது. கிரிஸ்டல் பிளாஸ்டிசிட்டில நேரம் பெரும்பாலும் போறது அந்த லோக்கல் கணக்குல தான், ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம்ல இல்ல. சமமான பாயின்ட் வெச்சு ஓட்டினாலும் எஃப்எஃப்டி தான் ஜெயிக்குது, ஆனா வெற்றியோட அளவு சுருங்கிடுது.

இன்னும் சுவாரசியமான விஷயம் ஒண்ணு. சாதா ஃபூரியே டெரிவேட்டிவ் போட்டா கிரெயின் பவுண்டரி ஓரத்துல ஸ்ட்ரெஸ் மேலயும் கீழயும் ஆடும், கிப்ஸ் ஆட்டம். இதைப் பார்க்க பாலிகிரிஸ்டல் வரைக்கும் போகவே வேண்டாம், ரெண்டு ஓரியன்டேஷனை அடுக்கு அடுக்கா வெச்சு டெஸ்ட் பண்ணுங்க. அடுக்கு கிரிட் அச்சுக்கு நேரா இருந்தா ஒவ்வொரு அடுக்குலயும் ஸ்ட்ரெஸ் தட்டையா, கை கணக்கு சொல்ற அதே நம்பர்ல வரும், எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடுவீங்க. அதே அடுக்கை சாய்ச்சு வெச்சீங்கன்னா இன்டர்ஃபேஸ் பூரா வாக்ஸல் வாக்ஸலா ஒண்ணு விட்டு ஒண்ணு கூடிக் குறையறது தெரியும். வில்லோ 2015ல குடுத்த ரொட்டேட்டட் ஸ்கீமுக்கு மாறினா இந்த ஆட்டம் பெருமளவு அடங்குது, கோடுல மாத்த வேண்டியது ஃப்ரீக்வென்சிக்கு பதிலா வேற ஒரு வெக்டர், அவ்ளோ தான். அந்த ஸ்கீமை நோண்டிப் பார்த்தா அது எட்டு நோட் ஹெக்ஸ் எலிமென்ட், ஒரே ஒரு இன்டக்ரேஷன் பாயின்ட், அதே கணக்கு தான்! சோதிக்கறதுக்காக ஹவர்கிளாஸ் ஸ்டெபிலைசேஷன் (ஒரு பாயின்ட் எலிமென்ட்ல வர்ற பொய்யான அசைவை அடக்கற திருத்தம்) போடாம ஒரு பாயின்ட் எஃப்ஈஎம் ஸ்கிரிப்ட் எழுதி, அதே வாக்ஸல், அதே பீரியாடிக் பவுண்டரியோட எலாஸ்டிக்ல ஓட்டினேன், ரெண்டு ஸ்ட்ரெஸ் ஃபீல்டும் சால்வர் டாலரன்ஸ் அளவுக்கு ஒண்ணா வந்துச்சு. எஃப்எஃப்டியா எஃப்ஈஎம்மான்னு சண்டை போடறப்ப டிஸ்க்ரிடைசேஷனையும் சால்வரையும் ஒரே மூட்டைல கட்டிடறாங்க, பிரிச்சுப் பார்த்தா சண்டைல பாதி காணாம போயிடுது.

சரி, பிளாஸ்டிசிட்டி, அதாவது திரும்பி வராத நீட்சி. செம்புக்கு கலிதிண்டி, பிராங்க்ஹோர்ஸ்ட், ஆனந்த் மூணு பேரும் 1992ல குடுத்த ஹார்டனிங் பாராமீட்டர் பிரபலம்: ஆரம்ப ஸ்லிப் ரெசிஸ்டன்ஸ் 16 மெகாபாஸ்கல், சாச்சுரேஷன் 148, ஆரம்ப ஹார்டனிங் 180, எக்ஸ்போனென்ட் 2.25. ஸ்லிப் சிஸ்டம் (கிரிஸ்டல் எந்த தளத்துல எந்த திசைல வழுக்கும்ங்கறது) எஃப்சிசிக்கு, அதாவது செம்போட கிரிஸ்டல் அமைப்புக்கு, உள்ள 12. அவங்க வெச்ச ரேட் சென்சிட்டிவிட்டி 0.012, அதாவது பவர் 83 (ஸ்லிப் வேகம் ஸ்ட்ரெஸ்ஸோட 83வது படியா ஏறும்), அது ரொம்ப விறைப்பு, லோக்கல் நியூட்டன் அடிக்கடி தடுமாறும், அதனால எல்லா முறைக்கும் பவர் 20னு வெச்சேன். நிஜ செம்போட கர்வை பிடிக்கறது இங்க நோக்கம் இல்ல, எல்லாருக்கும் ஒரே லா இருந்தா போதும்.

டெய்லர் மாடல் 1938ல வந்தது. எல்லா கிரெயினும் ஒரே மாதிரி நீளும், அவ்ளோ தான் அனுமானம். ரேண்டம் எஃப்சிசிக்கு டெய்லர் ஃபேக்டர் 3.06, அப்ப ஆரம்ப யீல்டு 16ஐ 3.06ஆல பெருக்கி 49 மெகாபாஸ்கல். சாக்ஸ் 1928ல எல்லா கிரெயினுக்கும் ஒரே திசை ஸ்ட்ரெஸ்னு வெச்சார், ஃபேக்டர் 2.24, யீல்டு 36. அந்த காலத்து டெய்லர் கணக்குல இன்னொரு தொல்லையும் உண்டு, 12ல எந்த 5 சிஸ்டம் வேலை செய்யும்னு பார்க்க 792 கூட்டு இருக்கு, பல சமயம் ஒண்ணுக்கு மேல சரியா வரும். பிஷப்பும் ஹில்லும் 1951ல அதையே திருப்பி போட்டு 56 ஸ்ட்ரெஸ் நிலைல எது அதிக வேலை குடுக்குதுன்னு தேடற மாதிரி சுருக்கினாங்க. பவர் லா போட்டா இந்த குழப்பமே இல்ல, 12 சிஸ்டமும் அததுக்கு ஏத்த அளவு ஓடும்.

செல்ஃப்-கன்சிஸ்டன்ட்டுக்கு லெபன்சோன், டோமே 1993ல போட்ட விபிஎஸ்சி வழி. எஷெல்பி 1957ல குடுத்த இன்க்ளூஷன் தீர்வை வெச்சு ஒவ்வொரு கிரெயினையும் சராசரி மீடியத்துல புதைச்ச முட்டை வடிவமா பார்க்குது. இதுல லீனியரைசேஷன் (வளைஞ்ச ஸ்ட்ரெஸ் உறவை நேர்கோடா எப்படி தோராயம் பண்றதுங்கறது) எதுன்னு தேர்ந்தெடுக்கறது தான் உயிர். சீகன்ட் போட்டா பவர் ஏற ஏற டெய்லர் பக்கம் சாயுது, டேன்ஜென்ட் போட்டா சாக்ஸ் பக்கம் சாயுது, அஃபைன் நடுவுல. ஒரே பேர்ல இருக்கற ஒரே முறை, ஒரு ஆப்ஷனை மாத்தினா மேல இருந்து கீழ வரைக்கும் போகுது, அதனால யாராவது விபிஎஸ்சில பண்ணேன்னு மட்டும் சொன்னா எந்த லீனியரைசேஷன்னு கேக்காம விடாதீங்க.

எல்லாத்தையும் ஒரே இழுப்புல ஓட்டினா கர்வ் வர்ற வரிசை எதிர்பார்த்தது தான். டெய்லர் மேல, சாக்ஸ் கீழ, எஃப்எஃப்டியும் எஃப்ஈஎம்மும் டெய்லருக்கு கொஞ்சம் கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு, அஃபைன் அதுக்கு பக்கத்துல. சராசரி கர்வ் மட்டும் வேணும்னா 32 க்யூப் கிரிட்டே போதும், 64க்கு போனா கோடு பெருசா நகரல. இங்க தான் ஏமாந்துடக் கூடாது. 200 கிரெயினை 32 க்யூப்ல போட்டா கிரெயினுக்கு சுமார் 164 வாக்ஸல், குறுக்க அஞ்சரை. அதுல முக்கால்வாசி வாக்ஸல் ஏதோ ஒரு பவுண்டரியை தொட்டுக்கிட்டு நிக்குது, உள்பக்கம்னு சொல்லவே ஆள் இல்ல. 64ல குறுக்க 11, கிட்டத்தட்ட பாதி பவுண்டரில. 128ல தான் நாலுல ஒரு பங்கா இறங்குது. கிரெயின் உள்ள ஸ்ட்ரெய்ன் எப்படி மாறுது, டிரிப்பிள் ஜங்ஷன்ல எவ்ளோ ஏறுதுன்னு பேசணும்னா 32 க்யூப் படத்தை காட்டிப் பேசக் கூடாது, பாராவியூங்கற படம் போடற சாஃப்ட்வேர்ல கலர் எவ்ளோ அழகா இருந்தாலும் சரி.

எனக்கு ரொம்ப உதவின டெஸ்ட் வேற ஒண்ணு. இந்த 200 கிரெயின்ல இங்கொண்ணு அங்கொண்ணா தள்ளித் தள்ளி இருக்கற சில கிரெயினை எடுத்து, அது எல்லாத்துக்கும் அச்சு அசலா ஒரே ஓரியன்டேஷன் குடுத்துட்டு, மீதி கிரெயினை அப்படியே விட்டு ஓட்டணும். டெய்லர்ல அந்த கிரெயின் எல்லாம் ஒரே ஸ்ட்ரெஸ், ஒரே ஸ்ட்ரெய்ன், பிளாட்ல ஒரே புள்ளி. செல்ஃப்-கன்சிஸ்டன்ட்லயும், எல்லா கிரெயினும் உருண்டைன்னு வெச்சா, ஒரே புள்ளி, ஏன்னா பக்கத்துல யாருன்னு அதுக்குத் தெரியாது, ஓரியன்டேஷன் மட்டும் தான் தெரியும். எஃப்எஃப்டிலயும் எஃப்ஈஎம்லயும் புள்ளி சிதறுது, மிருதுவான கிரெயின் கூட்டத்துக்கு நடுவுல மாட்டினது ஒரு மாதிரி, விறைப்பானதுங்க நடுவுல நின்னது வேற மாதிரி. சிதறலோட நடு செல்ஃப்-கன்சிஸ்டன்ட் புள்ளிக்கு பக்கத்துல தான் விழுது. கிரெயின் சராசரியைப் பொறுத்தவரைக்கும் எஃப்எஃப்டியும் எஃப்ஈஎம்மும் கிரெயினுக்கு கிரெயின் ஒத்துப் போகுது. ஃபுல்-ஃபீல்டுக்கு இவ்ளோ காசு எதுக்குன்னா அந்த சிதறலுக்குத் தான். ஃபட்டீக், வாய்டு ஆரம்பம் மாதிரி ஏதோ ஒரு துரதிர்ஷ்ட கிரெயின் முடிவு பண்ற விஷயத்துக்கு சராசரி உதவாது.

பாயின்ட்டுக்கு பாயின்ட் ஒப்பிட்டா, டெட் மெஷ்ல கிரெயின் பவுண்டரி வழவழன்னு இருக்கு, வாக்ஸல்ல படிக்கட்டு. வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஓரத்துல ஒண்ணு ரெண்டு வாக்ஸல் பட்டைல தான், உள்ள போனா ரெண்டும் சமாதானம் ஆகிடுது. எஃப்ஈஎம்மையே வாக்ஸல் மெஷ்ல ஓட்டினப்ப அதே படிக்கட்டு வந்துச்சு, அதனால பழி எஃப்எஃப்டி மேல இல்ல, வாக்ஸல் மேல. பவுண்டரி கண்டிஷனையும் மாத்திப் பார்த்தேன்: அதே எஃப்ஈஎம், பீரியாடிக்குக்கு பதிலா எல்லா முகத்துலயும் டிஸ்ப்ளேஸ்மென்ட் நேரா கட்டினது. விறைப்பு ஏறுது, முகத்தை ஒட்டின கிரெயின் எல்லாம் டெய்லர் மாதிரி நடந்துக்குது, கர்வ் நகர்ந்த தூரம் எஃப்எஃப்டிக்கும் பீரியாடிக் எஃப்ஈஎம்முக்கும் உள்ள இடைவெளியை விட ஜாஸ்தி. முறைகளோட வித்தியாசம்னு பிளாட் போட்டுக் காட்டறதுல எத்தனை நிஜமா பவுண்டரி கண்டிஷனோட வித்தியாசமோ.

எஃப்ஈஎம்மை விட முடியாத இடமும் இருக்கு, ஃப்ரீ சர்ஃபேஸ். ஈபிஎஸ்டி (எலக்ட்ரான் கதிர்ல ஓரியன்டேஷன் அளக்கறது), டிஐசி (படங்களை ஒப்பிட்டு ஸ்ட்ரெய்ன் அளக்கறது)ன்னு சாம்பிள்ல அளக்கறது எல்லாமே மேற்பரப்புல. பீரியாடிக் எஃப்எஃப்டில மேற்பரப்பே கிடையாது, காத்து மாதிரி ஒரு மிருதுவான அடுக்கை செயற்கையா சேர்க்கணும், உடனே கான்ட்ராஸ்ட் எகிறி இட்டரேஷன் நொண்டும். அளந்த மேப்போட வாக்ஸல் ஃபீல்டை பக்கத்துல வெச்சு ஒத்துப் போகலன்னு வருத்தப்படறதுக்கு முன்னாடி, ஒப்பிடறது மேற்பரப்பையா உள்பக்கத்தையான்னு பார்க்கணும், அதோட அடில இருக்கற கிரெயின் எதுன்னு தெரியாமலே தூண் மாதிரி நீட்டி விட்டீங்களான்னும் பார்க்கணும். ஒற்றை அச்சு இழுப்புல பக்கவாட்டு ஸ்ட்ரெஸ் பூஜ்ஜியம்னு வெக்கறது எஃப்ஈஎம்ல சும்மா விட்டாலே நடக்கும், எஃப்எஃப்டில சராசரி ஸ்ட்ரெய்னை திருத்திக்கிட்டே இருக்கணும், டமாஸ்க் (DAMASK) மாதிரி ரெடிமேட் கிரிஸ்டல் பிளாஸ்டிசிட்டி கோடுல அது உள்ளயே இருக்கு, சொந்த கோடுல நாமளே எழுதணும்.

இப்ப நான் வெச்சிருக்கற ஏற்பாடு: பாராமீட்டர் ஃபிட்டிங் முழுக்க அஃபைன் செல்ஃப்-கன்சிஸ்டன்ட், ஆயிரக்கணக்குல ஓட்ட வேண்டியது அது தான். ஃபிட் ஆன பிறகு ரொட்டேட்டட் ஸ்கீமோட எஃப்எஃப்டி, முதல்ல 64, படம் போடணும்னா மட்டும் 128. மேற்பரப்பு இருந்தா எஃப்ஈஎம். டெய்லரை தூக்கிப் போடல, புது கோடு எழுதறப்ப 3.06 வருதான்னு பார்க்க அதை விட மலிவான செக் கிடையாது. ஆனா ரோலிங் டெக்ஸ்சருக்கு அதை நம்ப வேண்டாம், நிஜத்தை விட கூர்மையா காட்டும்.

அடுத்து மெக்னீசியம் ஓட ஆரம்பிச்சிருக்கு. அங்க பேசல் ஸ்லிப் ரெண்டு இன்டிபென்டன்ட் சிஸ்டம், பிரிஸ்மாட்டிக் இன்னொரு ரெண்டு, சேர்த்து நாலு தான், டெய்லருக்கு அஞ்சு வேணும், சி அச்சு (அறுகோண கிரிஸ்டலோட நிமிர்ந்த அச்சு) நீள வழியே இல்ல. சி அச்சு திசைலயும் நகர்த்தற பிரமிடல் ஸ்லிப் சேர்த்தா தீரும், ஆனா அது பேசலை விட ரொம்ப கடினம், டெய்லர் எல்லா கிரெயினையும் அந்த கடினமானதை ஓட்ட வெச்சு ஸ்ட்ரெஸ்ஸை எங்கயோ தூக்கிக்கிட்டு போகுது. எஃப்எஃப்டில பிளாஸ்டிக் கான்ட்ராஸ்ட் ஏறினதும் பேசிக் ஸ்கீம் இழுத்துக்கிட்டே போச்சு, நியூட்டனுக்குள்ள கான்ஜுகேட் கிரேடியன்ட் போட்டதும் தான் ஸ்டெப் நகருது. ட்வின்னிங் (கிரிஸ்டலோட ஒரு பகுதி கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பறது) இன்னும் சேர்க்கல.